பழசென்றால் பழுதா?

டில்லியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வந்தது. இருபது வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க இனி இரண்டாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்த உத்தரவு. அதற்கு முன் ஆயிரம் ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் வெறும் முந்நூறு ரூபாய்! முந்நூறு ஆயிரமாகி, ஆயிரம் இரண்டாயிரமாவதற்கு முழுதாக நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. எந்தத் தொழிலாளியின் கூலியாவது இந்த வேகத்தில் ஏறியதுண்டா? கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதமே, செப்டம்பர் 22-ஆம் நாள், இன்னொரு செய்தி. 350 சி.சி. வரையுள்ள புது மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. வரி குறைந்தது நல்லதுதான். அதில் குறை காணவில்லை நாம். ஆனால் இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புது வண்டி வாங்குபவனுக்கு முதுகில் ஒரு தட்டு. பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுபவனுக்கு முதுகில் ஓர் அடி!

தாம்பரத்துத் தோழர்களுக்கு ஜி.எஸ்.டி. இரண்டு உண்டு. ஒன்று, பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர் என்று தெற்கே நீளும் சாலை. மற்றொன்று, வரி. சாலையில் தினந்தோறும் பழைய வண்டியில் போகிறவனுக்கு வரியில் கிடைத்த சலுகை எட்டாக்கனி. அவன் புது வண்டி வாங்கப் போவதில்லை, வாங்க முடியாது, அதனால்தானே பழைய வண்டியில் போகிறான்!

யார் அவன்?

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆனால் ஒரகடத்துக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. முடிச்சூரில் குடியிருப்பவன், படப்பை வழியாக ஒரகடத்தில் முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேர வேண்டும். செலையூரில் குடியிருப்பவன், மறைமலை நகரில் இரவு ஷிப்டு முடித்து நடுநிசியில் வீடு திரும்ப வேண்டும். பஸ் வரும் நேரம் வேறு, சங்கு ஊதும் நேரம் வேறு. இடையிலே இருக்கும் இடைவெளியை நிரப்புவது எது? அண்ணன் ஓட்டித் தம்பிக்குத் தந்த புல்லட்டு. மாமன் விற்ற ராஜ்தூத். சீட்டுப் பணத்தில் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100. பெயின்டு உரிந்திருக்கும், சீட்டு கிழிந்திருக்கும். ஆனால் உதைத்தால் உறுமும்.

தச்சனுக்கு அது உளிப்பை சுமக்கும் வண்டி. மின்சார வேலைக்காரனுக்கு ஒயர்ச் சுருள் சுமக்கும் வண்டி. மீன்காரருக்கு அது கடை. அந்த வண்டி நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் அடுப்பு நிற்கும். இதைப் பொழுதுபோக்கு என்று எண்ணுபவர் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே அதிகாலை ஐந்து மணிக்கு வந்து நின்று பார்க்கட்டும்.

கட்டணமா, கசையடியா?

"ஐந்தாண்டுக்கு ஒரு முறை இரண்டாயிரம். மாதத்துக்குக் கணக்கிட்டால் முப்பத்து மூன்று ரூபாய். இதற்கா இத்தனை கூச்சல்?" என்று கேட்பார்கள். கணக்கு சரி, கருத்து சரியில்லை.

மாதத்துக்கு முப்பத்து மூன்றாக யாரும் வாங்கிக்கொள்வதில்லை. ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். அதனுடன் மாநில சர்க்காரின் பசுமை வரி, இன்சூரன்சு, புகைச் சான்று, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்கும் நாட்களின் கூலி இழப்பு எல்லாம் சேரும். பணம் புரளாமல் தேதி தவறினால் மாதம் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் கூடுதல். தவறுவது யார்? வசதியுள்ளவனா தவறுவான்?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு வேலையைச் செய்து கொடுப்பதற்காக ஆபீசு வாங்குவது கட்டணம். பத்தொன்பது வயது வண்டியைச் சோதிப்பதற்கும் இருபத்தொரு வயது வண்டியைச் சோதிப்பதற்கும் வேலையில் என்ன வித்தியாசம்? அதே இன்ஸ்பெக்டர், அதே பேனா, அதே முத்திரை. பின் ஏன் இரட்டிப்பு? 2021 மார்ச்சில் பார்லிமெண்டில் வெளியிட்ட பழைய வாகனக் கழிப்புக் கொள்கையே அதற்குப் பதில் சொல்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவரை ஊக்கம் இழக்கச் செய்வதற்காகவே புதுப்பிப்புக் கட்டணம் உயர்த்தப்படுகிறது என்கிறது அது. ஆக, இது கட்டணமே அல்ல; 'வண்டியை விற்றுத் தொலை' என்று ஓங்கும் கசை!

அந்தக் கொள்கை இன்னொன்றும் சொல்கிறது. தனியார் வண்டிக்கு இருபது ஆண்டு ஆனபின் சோதனை. தகுதி இல்லையென்றால் பதிவு ரத்து. அதாவது தகுதிதான் உரைகல். நல்லது, ஒப்புக்கொள்கிறோம். தகுதி உரைகல் என்றால், சோதனையில் தேறிய வண்டிக்கு மேலும் அபராதம் எதற்கு? பரீட்சையில் தேறிய பையனை, 'உனக்கு வயது அதிகம்' என்று பிரம்பால் அடிக்கும் வாத்தியாரைக் கண்டதுண்டா?

வண்டியைக் கழித்துக் கட்டினால் பணம் வரும் என்று ஆசை காட்டுகிறார்கள். எவ்வளவு? புது வண்டி விலையில் நாலு முதல் ஆறு சதவிகிதம் என்கிறது கொள்கை. ஒரு லட்ச ரூபாய் வண்டி என்றால் நாலாயிரம் முதல் ஆறாயிரம். மிச்சம் தொண்ணூற்று நாலாயிரத்துக்கு? மாதத் தவணை! ஓடுகிற வண்டியைக் கொடுத்துவிட்டு, ஓயாத கடனை வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

செல்வந்தருக்கு ஒரு நீதி

ஐம்பது வயது தாண்டிய வாகனத்துக்கு 2021-இல் தனிச் சட்டம் செய்தார்கள். 'வின்டேஜ்' வாகனம் என்று பெயர். தனி எண் வரிசை. இருபதாயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. பங்களாவில் பாதுகாத்து, ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே எடுத்துக் கைதட்டல் வாங்கும் பழைய காருக்கு மரியாதை. அன்றாடம் உழைக்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கு அபராதம். பழசு என்பது பெருமையாவதும் குற்றமாவதும் வண்டியைப் பொறுத்தது அல்ல, வைத்திருப்பவனைப் பொறுத்தது போலும்!

புல்லட்டு பிறந்த நாடு இங்கிலாந்து. அங்கே நாற்பது வயது நிறைந்த வண்டி சரித்திர வாகனம் என்ற கணக்கில் வருகிறது; அதற்குச் சாலை வரியே கிடையாது. 2018-க்குப் பிறகு, பெருமாறுதல் செய்யப்படாத அத்தகைய வண்டிக்கு ஆண்டுச் சோதனையிலிருந்தும் விலக்கு. நாம் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. சோதனை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சோதியுங்கள், தேறினால் விடுங்கள் என்கிறோம்.

திருவொற்றியூர் முதல் ஒரகடம் வரை

புல்லட்டின் கதையைக் கேட்டால், பழசு என்று எதையும் எளிதில் ஒதுக்க மனம் வராது. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் காவல் சுற்றுவதற்காக அந்த 350 சி.சி. வண்டியை இங்கிலாந்திலிருந்து தருவித்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள் நம் தொழிலாளர்கள். பிறகு பாகங்களையே செய்தார்கள். சில ஆண்டுகளில் முழு வண்டியும் வடசென்னையில் உருவாயிற்று.

இங்கிலாந்தில் என்ன நடந்தது? ரெட்டிச் நகரத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் எஞ்சியிருந்ததும் மூடப்பட்டது. பழைய வடிவம், பழைய யந்திரம், இதற்கு எதிர்காலம் இல்லை என்று அவர்கள் கைகழுவிய வண்டியைத் திருவொற்றியூர்த் தொழிலாளி கைவிடவில்லை. 1977-இல் சென்னையில் செய்த புல்லட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! மகன் திரும்பிப் போய்த் தகப்பன் வீட்டுக் கதவைத் தட்டியது போன்ற காட்சி அது. 1994-இல் ஐஷர் நிறுவனத்துடன் இணைந்து, 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் புதுத் தொழிற்சாலைகள் எழுந்தன. வடக்குக் கோடியில் பிறந்த வண்டி தெற்குக் கோடிக்கு வந்து சேர்ந்தது.

ஒரகடத்துத் தோழர் ஒருவர் கேட்கலாம்: "பழைய வண்டிகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் புது வண்டி எப்படி விற்கும்? எங்கள் வேலை என்னாவது?" நியாயமான கேள்வி. ஆனால் மறைமலை நகரில் போர்டு தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியதே, பழைய காரை யாரோ பழுது பார்த்து ஓட்டியதாலா? வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை மூடப்பட்டதே, மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்களாக இருந்ததாலா? இல்லவே இல்லை. முதலாளிகளின் லாப நஷ்டக் கணக்கு வேறு இடத்தில் எழுதப்படுகிறது. புது வண்டி விற்க வேண்டுமானால் வாங்குபவன் கையில் காசு வேண்டும். 2018-இல் ஒரகடம் வட்டாரத்து மோட்டார் சைக்கிள் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கூலி உயர்ந்தால் அவர்களே புது வண்டி வாங்குவார்கள். அடித்து வாங்க வைப்பதல்ல வழி.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரகடத்தில் 2013-இல் நம் தோழர் கைபட்டு வெளிவந்த வண்டிக்கு 2033-இல் இருபது வயதாகும். அன்று இந்தக் கசை அந்த வண்டியின் மீதும் விழும். தன் கைவேலை இருபது ஆண்டோடு குப்பை என்று தீர்ப்பெழுதப்படுவதை எந்த உழைப்பாளி ஒப்புவான்?

புகை விஷயம்

பழைய வண்டி புகை கக்குகிறது என்பது பெரிய குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலுடன் ஆயிலும் சேர்ந்து எரிகிறது; எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி அப்படியே புகைக்குழாய் வழியாக ஓடிவிடுகிறது. ராஜ்தூத்தும் ஆர்.எக்ஸ். 100-ம் அந்த இனம். புல்லட்டு போர் ஸ்ட்ரோக். ஆனாலும் தேய்ந்த ரிங்கும் கெட்ட கார்பரேட்டரும் அதையும் புகை வண்டியாக்கிவிடும். அந்தப் புகையை முதலில் குடிப்பவர் யார்? காரில் கண்ணாடி ஏற்றிப் போகிறவர் அல்லர். பின்னால் வரும் சைக்கிள்காரரும், பல்லாவரம் சிக்னலில் பூ விற்கும் தாயும்தான். ஆகவே புகையை அலட்சியம் செய்வது நமக்கு அடுக்காது.

ஆனால் புகைக்கு அளவுகோல் ஏற்கெனவே உண்டு. 2000 மார்ச்சு 31-க்கு முன் செய்த இருசக்கர வண்டி என்றால், ஐடிலிங் நிலையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதத்தை மீறக் கூடாது என்கிறது விதி. அளக்கக் கருவி இருக்கிறது. அளந்து பாருங்கள், மீறினால் நிறுத்துங்கள். ஐந்தே வயதான வண்டி மீறினால் அதையும் நிறுத்துங்கள். குழாயில் கருவியை வைக்காமலே சான்று எழுதித் தரும் இடங்கள் இருந்தால் அவற்றை மூடுங்கள். புகையைக் குறைக்கும் வழி அது. இரண்டாயிரம் ரூபாய் ரசீதை ஒட்டினால் புகை குறையுமா?

பட்டறையில் இருக்கும் படிப்பு

பழுது பார்ப்பது என்றால் ஏதோ சுத்தியலால் தட்டுவது என்று எண்ணுகிறவர்கள், மேற்குத் தாம்பரத்தின் பட்டறை ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டு வந்து நிற்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றுவதில்லை. பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்கிறார். காண்டாக்ட் பாயிண்ட்டைத் திறந்து பார்க்கிறார். இடைவெளி மில்லிமீட்டரில் 0.35-லிருந்து 0.40 வரை இருக்க வேண்டும். டேப்பட் கம்பியை விரலால் சுழற்றிப் பார்க்கிறார்; என்ஜின் குளிர்ந்திருக்கையில் அது விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிறகு கார்பரேட்டர் ஜெட்டில் அடைப்பு. அதன் பிறகே என்ஜினைப் பிரிக்கும் பேச்சு. போர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அளவு கூடிய பிஸ்டன் போட்டு, முதல் சில நூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டச் சொல்லி அனுப்புவார். வைத்தியர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ஓட்டுவதிலும் ஒரு படிப்பு உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் பிடியை இழுத்து ஒரு சிறு தள்ளு தள்ளி, பிடியை விட்டு, பிறகு உதைக்க வேண்டும். முறை தெரிந்தவனுக்கு ஒரே உதை. தெரியாதவனுக்கு முழங்கால் வீக்கம்!

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறக்க முடியுமா? வீட்டு வாசலில் நின்ற வண்டிகளெல்லாம் நீருக்குள். அப்படி மூழ்கிய வண்டியை எடுத்தவுடன் உதைத்தால் என்ஜின் கெடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மோர் போல் வெளுத்துப்போன ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். கார்பரேட்டரையும் டேங்கையும் கழுவ வேண்டும். இதைச் செய்து வண்டிகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் சாலையோர மெக்கானிக்குகள். அந்த அறிவு நாட்டுச் செல்வம். அதற்குப் பட்டம் இல்லை, பதக்கம் இல்லை. கறுத்த விரல்தான் அடையாளம்.

அந்தச் செல்வத்துக்கும் இப்போது ஆபத்து. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணுக் கருவி. புகை குறைகிறது, அதை வரவேற்கிறோம். ஆனால் கோளாறு என்னவென்று கேட்க வேண்டுமானால் கம்பெனியின் தனிக் கருவி வேண்டும். பூட்டு நம் வண்டியில். சாவி கம்பெனி கையில்! பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் குழு அமைத்தது; அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. தளம் திறந்தால் போதாது. சாவி சாலையோரப் பட்டறைக்கும் வந்து சேர வேண்டும்.

நம் தோழர்களுக்கு

உரிமை கேட்கும்போது கடமையும் பேச வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கும் தோழர்கள் முதலில் பிரேக்கைப் பாருங்கள், பிறகு பெயின்டைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் லாரியும் பஸ்ஸும் நெருக்கும் இடத்தில் தேய்ந்த பிரேக் ஷூவுடன் போவது வீரம் அல்ல. இற்றுப்போன ஒயரிங்கை மாற்றுங்கள். செயினும் கோன் செட்டும் ஆடினால் தள்ளிப் போடாதீர்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ புதுப்பேட்டையிலோ உதிரிபாகம் வாங்கும்போது மலிவு ஒன்றையே பார்க்காதீர்கள். என்ஜின் எண் தேய்க்கப்பட்டிருந்தால் தொடாதீர்கள். எவனோ ஒரு தொழிலாளி பறிகொடுத்த வண்டியாக அது இருக்கலாம். பிரேக், டயர், செயின் மூன்றிலும் போலிச் சரக்கு உயிர் குடிக்கும். ஆர்.சி.யும் இன்சூரன்சும் புகைச் சான்றும் கையில் இருக்கட்டும்; தலைக்கவசம் தலையில் இருக்கட்டும்.

மற்றொன்று, மனம் நோகாமல் கேளுங்கள். ஊர்வலம் என்றால் சைலன்சரைக் கழற்றிவிட்டு உறுமிக்கொண்டு போகும் பழக்கம் சில இளைஞர்களிடம் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் கொள்கை எவர் காதிலும் விழுவதில்லை. சானட்டோரியத்தில் படுத்திருக்கும் நோயாளியின் காதில் இடிதான் விழுகிறது. பழைய வண்டி என்றால் தொல்லை என்று பேசுபவர்களுக்கு நாமே சாட்சி சொல்லலாமா?

கேட்பது என்ன?

நாம் கேட்பது சலுகை அல்ல, நியாயம். பதிவுக் கட்டணம் சோதனைக்கு ஆகும் செலவைப் பொறுத்து இருக்கட்டும். வண்டியின் வயதுக்கு அபராதம் வேண்டாம். புகையும் பிரேக்கும் நேர்மையாகச் சோதிக்கப்படட்டும்; தேறிய வண்டி ஓடட்டும், தேறாத வண்டிக்குப் பழுது நீக்கத் தவணை தரட்டும், அதன் பிறகும் தேறாவிட்டால் காயலான் கடைக்குப் போகட்டும். கிண்டி ஐ.டி.ஐ. போன்ற நிலையங்கள் மாலை வேளையில் பட்டறைத் தொழிலாளிக்குப் புது யந்திர நுட்பத்தைக் கற்றுத் தரட்டும். உதிரிபாகத்தையும் கையேட்டையும் கோளாறு காட்டும் கருவியையும் நியாய விலையில் எந்தப் பட்டறைக்கும் விற்கும்படி கம்பெனிகளைச் சட்டம் கட்டுப்படுத்தட்டும். மாநில சர்க்காரும் தன் பசுமை வரியை இதே நியாயத்தில் திருத்தட்டும்: புகைக்கு வரி போடு, பிறந்த தேதிக்குப் போடாதே.

பழையது என்பதற்காக எதையும் கும்பிடுகிற கூட்டம் அல்ல நாம். அதே பகுத்தறிவுதான், பழையது என்பதற்காக எதையும் குப்பையில் எறியவும் நம்மை விடுவதில்லை. சோதித்துப் பார், நல்லதென்றால் வைத்துக்கொள். இந்தச் சின்ன நியாயம் சாலையோர மெக்கானிக்குக்குத் தெரிகிறது. டில்லி மந்திரிமார்களுக்கும் தெரிய வேண்டும். தெரியும்வரை, வட்டந்தோறும், பட்டறைதோறும், தொழிற்சாலை வாசல்தோறும் தோழர்கள் இதை எடுத்துச் சொல்வார்களாக!